உபயோகிப்போர் கவனத்திற்கு

ஜூன் 3, திங்கள்

இந்த வீட்டின் வரலாற்றை முன், பின் என்று பிரிக்கக்கூடிய ஒரு முடிவு இன்று காலைச் செய்திக்கும் இட்லிக்கும் நடுவே எடுக்கப்பட்டது. இனிமேல் இவ்வீட்டின் எந்தச் சுவரிலும் வெளியாள் எவரும் ஆணி அடிக்கக் கூடாது. அறிவித்தவர் என் கணவர் உலகநாதன், ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். கேட்டுக்கொண்டிருந்தவள் நான், ஓய்வுபெற்ற கிளை நூலகர். ஆட்சேபணைக்குக் கால அவகாசம் தரப்படவில்லை. உத்தரவு உடனே அமலுக்கு வந்தது.

காரணம், ஹாலில் உள்ள தினசரி காலண்டர் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. போன வருடம் ஆணி அடித்த தச்சரை, அவர் இல்லாத இடத்தில், இன்று விசாரித்துத் தண்டனை வழங்கினார்.

"செவுத்துல ஒரு ஓட்ட போடத் தெரியல. இவனெல்லாம் தொழில்காரன்! மெஷின நாமளே வாங்கிருவோம்."

"நாமளே" என்பதில் நானும் அடக்கம் என்று சிறிது நேரம் நினைத்துவிட்டேன்.

ஜூன் 5, புதன்

துளைபோடும் மெஷின் வந்துவிட்டது. பாளை மார்க்கெட்டில் இசக்கியப்பன் கடை. பை தூக்க நானும் போயிருந்தேன். இசக்கியப்பன் தன்மையான மனிதர்.

"அண்ணாச்சி, கண்ணுக்குப் போடுத கண்ணாடி ஒண்ணு சேத்து வாங்கிக்கிடுங்க. தூசி தெறிக்கும்."

"முப்பது வருசமா தாலுகா ஆபீஸ்ல தெறிக்காத தூசியா வே?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய நகைச்சுவைக்கு வெளியாட்கள் எப்போதும் சிரிப்பார்கள். கண்ணாடி வாங்கவில்லை.

மெஷினோடு ஒரு சிறு புத்தகமும் வந்தது. உபயோகிப்போர் கவனத்திற்கு என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டிருக்கிறது. அதைப் பிரிக்காமலே என் பக்கம் எறிந்தார்.

"உனக்குத்தான் அச்சடிச்சது எதைப் பாத்தாலும் படிக்கணுமே. பொழுது போகும்."

ஜூன் 6, வியாழன்

காலண்டருக்குத் துளை போட்டார். புத்தகத்தில் படித்தது நினைவில் இருந்ததால் பக்கத்தில் நின்று சொன்னேன். "சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல துளைக்கக் கூடாதாம். உள்ள வயர் போகுமாம்."

"எழுதுனவன் இந்த வீட்டப் பாத்தானா?"

பார்க்கவில்லைதான். ஆனாலும் அவன் சொன்ன இடத்தில் வயர் இருந்தது. படீரென்று ஒரு சத்தம், நீல வெளிச்சம், பிறகு அடுப்பங்கரையில் இருட்டு. மெயின் சுவிட்ச் தானாக அணைந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பக்கத்துல நின்னு தொணதொணன்னு பேசுனியேட்டி, அதுலதான் கை வெலகிட்டு. இனிமே மெஷின் கைல இருக்கும்போது நான் ஒண்ணு கேட்டா ஒழிய நீ வாயத் தொறக்கக் கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில். புரிஞ்சா?"

"புரிஞ்சுது."

அலுவலகத்தில் எழுத்தர்களுக்கும் இதே விதிதானாம். அங்கே யாரும் மீறியதில்லையாம். நானும் மீற மாட்டேன். ஒப்புக்கொண்டதை மீறுவது என் வழக்கமில்லை.

காலண்டர் இப்போது வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

மண்ணெண்ணெய் அடுப்புக் காலத்திற்குப் பிறகு இப்போதுதான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாம்பார் தாளிக்கிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட அவருக்கு மனமில்லை. வெளியாள் உத்தரவு ஆணிக்கு மட்டுமா, வயருக்கும் சேர்த்தா என்று தீர்மானமாகவில்லை.

புத்தகத்தைப் படித்து முடித்தேன். ஆசிரியர் பெயர் இல்லை. ஆனால் எடுத்த எடுப்பில் வாசகனிடம் இவ்வளவு அவநம்பிக்கையோடு பேசும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. வாசகன் ஈரக் கையோடு பிளக்கைத் தொடுவான், வயரைப் பிடித்து மெஷினைத் தூக்குவான், தொங்கும் துணியோடு சுழலும் பாகத்தின் அருகே போவான் என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார். எங்கள் நூலகத்தில் நாவல் எழுதியவர்கள் பலருக்கும் மனிதர்களைப் பற்றி இந்த அளவு தெளிவு கிடையாது. நடை வறட்சியானது. சோகம் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் அடுத்த வாக்கியத்தில் காத்திருக்கிறது.

கை சும்மா இருக்கக் கூடாது என்று தமிழில் பெயர்த்து எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

காதுக்கு அடைப்பான் அணியவும் என்றும் ஒரு குறிப்பு உண்டு. எனக்கு அதில் பாதி ஏற்பாடு ஏற்கெனவே ஆகியிருக்கிறது. மெஷின் ஓடும்போது இடது காதை அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நிம்மதியாகப் படிக்கலாம். அந்தக் காது போனது எங்கள் மகள் தேன்மொழி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது. அன்று ரசத்தில் உப்புக் கூடிவிட்டது. நான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாக டாக்டரிடம் அவரே சொன்னார். நான் பேசச் சிரமப்பட்டேன். அவர் சிரமப்படவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் துளை போட்டார். மாட்டுவதற்குத்தான் வீட்டில் ஒன்றும் பாக்கி இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

இரண்டாவது மெஷின் வந்தது. கையில் பிடித்து அறுக்கும் கட்டிங் மெஷின். மரம், கல், இரும்பு எதுவானாலும் பிளேடை மாற்றினால் போதும். பிளேடின் பாதியை மறைத்து ஒரு தகர மூடி இருந்தது. இசக்கியப்பன் மெஷினுக்கு ஏற்ற பிளேடைத்தான் தந்தார். இவர் ஆழமாக வெட்ட வேண்டும் என்று அடுத்த அளவில் மரம் அறுக்கும் பெரிய பிளேடைக் கேட்டு வாங்கினார். பெரிய பிளேடு மூடிக்குள் அடங்கவில்லை. அடங்காததைக் கழற்றி எறிவது இவர் வழக்கம்.

கழற்றிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து தேன்மொழி வீடியோவில் வந்தாள்.

"அப்பா, அந்த மூடியக் கழட்டக் கூடாதுப்பா. பிளேடு எகிறினா கைதான் போகும்."

"நீ கம்ப்யூட்டர் பொட்டியப் பாரு. நான் மெஷினப் பாக்கேன்."

"அம்மா, நீயாவது சொல்லும்மா!"

மெஷின் அவர் கையில் இருந்தது. அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. நான் சும்மா இருந்தேன். அவளுக்குக் கோபம் வந்து வைத்துவிட்டாள்.

இந்த மெஷினில் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு சின்னப் பொத்தான். சுவிட்சை அழுத்தி இந்தப் பொத்தானையும் தள்ளிவிட்டால் விரலை எடுத்த பிறகும் மெஷின் தானாக ஓடும். ஒரு தடவை சொன்னால் நிற்காமல் வேலை செய்யும் ஒன்றை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்ப்பதாகச் சொன்னார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

என் அலமாரியை அறுத்து டிவிக்கு ஸ்டாண்டு செய்யப் போகிறார்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று மேலே எழுத முடியவில்லை.

அது பழைய கிளை நூலகக் கட்டடத்தை இடித்தபோது ஏலத்தில் வந்த அலமாரி. பர்மா தேக்கு. என் சம்பளத்தில் எடுத்தது. இந்த வீட்டில் என் பெயருக்கு வாங்கிய பொருள் அது ஒன்றுதான். பின்னறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. புத்தகங்கள் அதில் இரண்டு வரிசையாக இருக்கின்றன. பிற்பகலில் நான் அந்த அறையில் இருப்பேன். அவர் அங்கே வருவதில்லை, புத்தகத் தூசி தும்மல் வரவைக்கும் என்பார். அதனாலேயே நான் அதிகம் தூசி தட்டுவதில்லை.

காலையில் கேட்டேன். மெஷின் அவர் கையில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்டேன்.

"அதை மட்டும் விட்டுருங்க. டிவிக்குக் கடையில நல்ல ஸ்டாண்டா கிடைக்கும்."

"தேக்கு வீட்டுக்குள்ள இருக்க, கடையில போயி தூள ஒட்டுன பலகைய வாங்கச் சொல்லுதியா? புஸ்தகத்தையெல்லாம் சாக்குல கட்டி மச்சில போடு. எவன் படிக்கான் இப்ப?"

"நான் படிக்கேன்."

கையை ஓங்கினார். ஓங்கியதோடு நின்றது. வயதாகிறது.

ஜூன் 23, ஞாயிறு

புத்தகங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தேன். அகராதிகள் அடியில். உபயோகிப்போர் கவனத்திற்கு மட்டும் வெளியே இருக்கிறது. இரண்டாம் முறை படிக்கிறேன். கட்டிங் மெஷினோடும் இதே தலைப்பில் தனிப் புத்தகம் வந்தது. முந்தையதைவிட இது முதிர்ச்சியான படைப்பு.

முதல் வாசிப்பில் எச்சரிக்கைகளாகத் தெரிந்தவை இரண்டாம் வாசிப்பில் வேறு மாதிரித் தெரிகின்றன. நல்ல புத்தகத்திற்கு அதுதான் அடையாளம்.

ஜூன் 25, செவ்வாய்

துளைபோடும் கம்பி முறிந்து தெறித்து அவர் கன்னத்தைக் கீறிவிட்டது. கண்ணுக்கு அரை அங்குலம் கீழே. மஞ்சள் வைத்தேன். பக்கத்து வீட்டு அன்னத்தாய் பார்க்க வந்தாள்.

"அண்ணாச்சிக்குக் கண்ணு பட்டிருக்கும் மதினி. இந்த வயசுல தெருவுல வேற யாரு இப்படி மெஷின் வேலையெல்லாம் செய்யுதா? பொறாமைக்கார ஊரு. அம்மன் கோயில்ல மந்திரிச்ச கயிறு ஒண்ணு வாங்கிக் கையில கட்டுங்க. ஒண்ணும் அண்டாது."

உலகநாதன் இதையெல்லாம் நம்பாதவர். ஆனால் பொறாமை என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாங்கிட்டு வந்துரு" என்றார் என்னிடம்.

இது நான் யோசித்ததில்லை. அன்னத்தாய் யோசனை. அவர் உத்தரவு.

ஜூன் 28, வெள்ளி

கோயிலில் நல்ல கூட்டம். பூசாரி இரண்டு வகைக் கயிறு வைத்திருந்தார். மணிக்கட்டை ஒட்டி முடிச்சுப் போடும் மெல்லிய கறுப்புக் கயிறு ஒன்று. பல சுற்றுச் சுற்றி நுனி தொங்கவிடும் தடித்த சிவப்புக் கயிறு மற்றொன்று.

"வீட்டுக்காரருக்கா தாயி? எது வேணும்?"

"பலமானதா குடுங்க."

சிவப்பைத் தந்தார். அறாதாம். நைலான் கலந்தது. வீட்டுக்கு வந்ததும் அவருடைய வலது மணிக்கட்டில் நானே கட்டினேன். கல்யாணத்திற்குப் பிறகு அவர் கையை நானாகப் பிடித்தது எப்போது என்று நினைவில்லை. முடிச்சுக்குப் பிறகு ஒரு சாணுக்குக் கயிறு மிஞ்சியது. கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.

"வெட்டாதட்டி. மந்திரிச்சத வெட்டலாமா?"

வெட்டவில்லை.

ஜூலை 1, திங்கள்

மொழிபெயர்ப்பு முடிந்தது. சில வாக்கியங்கள் தமிழில் நன்றாக வந்திருக்கின்றன. மாதிரிக்கு: "சுழலும் பாகத்தின் அருகே வளையல், மோதிரம், கயிறு, துண்டு ஆகியன ஆகா. அவை பற்றப்பட்டால் கையும் உடன் செல்லும்." மூலத்தில் இந்த ஓசை இல்லை. "உடன் செல்லும்" என்பதா, "உடன் இழுக்கப்படும்" என்பதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முதலாவதில் ஒரு கண்ணியம் இருக்கிறது.

பிரதி எடுத்து அவர் மேசை மேல் வைத்தேன். மாலையில் அதை மடித்து ஆடும் ஸ்டூலின் காலுக்கு அடியில் கொடுத்திருந்தார். ஸ்டூல் இப்போது ஆடவில்லை.

ஜூலை 3, புதன்

அலமாரி காலி. பின்னறையில் பேசினால் எதிரொலிக்கிறது.

ஜூலை 4, வியாழன்

காலை உணவு பொங்கல். சட்னி காரம் போதாது என்றார்.

பத்து மணி வாக்கில் அலமாரியைப் படுக்கப்போட்டோம். பென்சிலால் நடுவில் கோடு போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

பிளேடு இறங்கியதும் தேக்கு மணம் அறை முழுக்க வந்தது. பழைய நூலகம் மழைக்காலத்தில் இப்படித்தான் மணக்கும். எனக்கு இடது காது அந்தப் பக்கம். சத்தம் பெரிதாகத் தெரியவில்லை. வாய் அசைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூள் பறந்து கோட்டின் மேல் படிந்துகொண்டே வந்தது. கயிற்றின் நுனி அவர் மணிக்கட்டுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. பிளேடு சுற்றும்போது எழும் காற்றில் ஆடியது. இந்தக் காற்றைப் பற்றிப் புத்தகத்தில் குறிப்பு இல்லை.

கொஞ்ச தூரம் அறுத்ததும் மெஷினைத் தூக்கினார். பொத்தான் தள்ளியிருந்ததால் அது ஓடிக்கொண்டே இருந்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கோடு தெரியுதாட்டி?" என்று கத்தினார்.

கேள்வி கேட்டிருக்கிறார். பதில் சொன்னேன்.

"தெரியல. தூளு மூடிருக்கு."

உண்மையைத்தான் சொன்னேன். தெரியவில்லை. அவர் குனிந்து வலது கையால் தூளைத் துடைத்தார்.

பிறகு மெஷின் தரையில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மெஷினை நெருங்கக் கூடாது, முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அலமாரியை என் முனையில் மெதுவாக இறக்கி வைத்தேன். தேக்கு, விளிம்பு உடைந்தால் ஒட்டாது. ஹாலுக்குப் போய் சுவிட்சை அணைத்தேன். பிளேடு முழுதாக நிற்கும் வரை காத்திருந்தேன். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.

அவர் கத்திக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று சரியாகக் கேட்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

நேற்று அன்னத்தாய் வீட்டுக்காரர்தான் காரில் கொண்டுபோனார். துண்டு, வேட்டி, கார் சீட் எல்லாம் ரத்தம். சீட் உறையைத் துவைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தவர் இளவயதுப் பெண் டாக்டர். கையில் சுற்றிய துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவசரமாக என் பக்கம் திரும்பினார்.

"விரல் எங்கம்மா? கொண்டு வந்தீங்களா?"

துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. சில மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் பொருத்த வாய்ப்பு உண்டு. எங்கள் கிளையில் முதலுதவி நூல் ஒன்று இருந்தது. யாரும் எடுக்காத புத்தகம் என்பதால் கழித்துவிடச் சொன்னார்கள். கழிப்பதற்கு முன் நான் முழுக்கப் படித்தேன்.

"எடுத்துட்டு வரணும்னு யாரும் சொல்லலையேம்மா" என்றேன்.

டாக்டருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. தோளில் கை வைத்தார். "பதட்டத்துல யாருக்கும் தோணாதும்மா. நீங்க உங்களக் குத்தம் சொல்லிக்காதீங்க."

சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு யாரையாவது அனுப்பலாமா என்று அன்னத்தாய் வீட்டுக்காரர் கேட்டார். சாவி என்னிடம்தான் இருந்தது. பையில் தேடினேன். பையில் சாமான்கள் நிறைய. அது கிடைத்தபோது அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மாலையில் வந்து பின்னறையைப் பெருக்கினேன்.

ஜூலை 7, ஞாயிறு

தேன்மொழி வந்திருக்கிறாள். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"சொன்னேனேப்பா. அன்னைக்கே சொன்னேனே."

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கி என் பக்கம் காட்டினார். "இவளுக்குத் தெரியும். அந்தப் புஸ்தகத்த ரெண்டு தரம் படிச்சா. ஒரு வார்த்த சொன்னாளா கேளு."

தேன்மொழி என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் கண்கள் என்பார்கள்.

"நீங்கதானப்பா அம்மா பேசக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள்.

நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். வராந்தாவில் தேன்மொழி என் வலது பக்கமாக வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"நிஜமாவே உனக்குத் தோணலையாம்மா?"

"சாப்பிட்டியா?" என்றேன். இல்லை என்றாள். கேன்டீனில் தயிர்ச்சாதம் இருந்தது, இருவரும் சாப்பிட்டோம். என்னைப் பெங்களூருக்குக் கூப்பிடுவாள் என்று நினைத்திருந்தேன். கூப்பிடவில்லை.

ஜூலை 13, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. சாதத்தைப் பிசைந்து ஸ்பூனோடு இடது கைப் பக்கம் வைக்கிறேன். பாதி மடியில் விழுகிறது. ஊட்டிவிடட்டுமா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது அவர் வழக்கம் அல்ல என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்து அடுப்பங்கரை விளக்கைச் சரி செய்துவிட்டுப் போனான்.

ஜூலை 15, திங்கள்

அன்னத்தாயும் அவள் வீட்டுக்காரரும் அலமாரியை நிமிர்த்த உதவினார்கள். நடுத்தட்டில் ஒரு முழத்திற்கு அறுபட்டிருக்கிறது. நிற்கிறது. அகராதிகளை அடித்தட்டில் வைத்தால் தாங்கும்.

"கயிறு கட்டியும் இப்படி ஆயிட்டே மதினி" என்று அன்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கட்டலைன்னா உசுரே போயிருக்கும்."

அப்படியும் சொல்லலாம்.

மெஷின்கள் இரண்டையும் துடைத்து, எண்ணெய் போட்டு, வயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டேன். குழந்தைகளுக்கு எட்டாத, ஈரம் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். மச்சில் சாக்குகள் இருந்த இடம் காலியாக இருந்தது.

ஜூலை 22, திங்கள்

அவர் டிவி பார்க்கிறார். டிவி ஸ்டூல் மேல் இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஓய்வூதியம் எடுக்க வங்கிக்குப் போனோம். இடது கையால் போட்ட கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. மேலாளர் மரியாதையானவர், உள்ளே உட்காரவைத்து டீ வரவழைத்தார். இனி ஒவ்வொரு முறையும் இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், கூட வருபவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மை தடவி அவர் ரேகை வைத்தார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.